கம்பைலர் வாசலில் நிற்பவை: முன்செயலி கற்பது எப்போது தகும்?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, இந்த ப்ராஜெக்ட்ல ஸ்டைல் எல்லாம் சாஸ்ல எழுதியிருக்காங்க. இப்ப சிஎஸ்எஸ்ஸிலயே எல்லாம் வந்துடுச்சு, சாஸ் வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. நான் கத்துக்கவா, வேண்டாமா?"

"வேலைக்கு வேணும்னா கத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். மனம் வரவில்லை. இதே கேள்வியை வேறு வேறு கருவிகளை முன்வைத்து நானும் கேட்டிருக்கிறேன். சரியான பதில் கிடைக்காமல் சிலவற்றில் மாதக்கணக்கில் நேரத்தைக் கொட்டினேன். சிலவற்றை அலட்சியம் செய்து, பிறகு அவை காலை வாரியபோது வருந்தினேன். ஆகவே அவருக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒழுங்காக யோசித்து எழுதிப் பார்க்கிறேன்.

முன்செயலி என்பது நாம் எழுதும் நிரலை வாங்கி, அதை வேறொரு நிரலாக மாற்றி, கம்பைலரிடமோ பிரவுசரிடமோ நீட்டுகிற மென்பொருள். சி மொழியின் முன்செயலி, சாஸ், லெஸ், எம்4, காஃபிஸ்கிரிப்ட், மெயின்ஃப்ரேமில் சிஐசிஎஸ் மொழிபெயர்ப்பி, எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நாம் எழுதியது ஒன்று, இயந்திரத்தின் கையில் போய்ச் சேர்வது இன்னொன்று. வசதியும் அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

இதை நான் புரிந்துகொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் வேலை, சென்னையில் ஒரு சிறு நிறுவனம். மீட்டர் ஒன்றிலிருந்து அளவுகளை வாங்கி அனுப்பும் கருவிக்கு சி மொழியில் நிரல் எழுதினோம். ஒவ்வொரு அளவுக்கும் இடையே 30 விநாடி. லைன் தாமதத்துக்காக இன்னும் 5 விநாடி. யாரோ ஒருவர் ஹெடர் கோப்பில் "இடைவெளி" என்று ஒரு மேக்ரோ வைத்து, அதன் மதிப்பை 30 + 5 என்று எழுதியிருந்தார். படிப்பவருக்குக் கணக்கு புரியட்டும் என்ற நல்லெண்ணம். பதில் வராவிட்டால் இரண்டு மடங்கு நேரம் காத்திரு என்று நான் எழுதினேன்: இடைவெளி * 2. வரவேண்டியது 70. கருவியோ 40 விநாடியிலேயே அவசரப்பட்டு மறுபடி கேட்டது. பதில்கள் ஒன்றோடொன்று மோதின. இரண்டு நாள் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். என் வரியில் தவறில்லை, அவர் வரியிலும் தவறில்லை. மூன்றாம் நாள் காலை மூத்தவர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "மைனஸ் ஈ போட்டுப் பாரு தம்பி" என்றார்.

ஜிசிசி கம்பைலரை அந்த சுவிட்சோடு ஓட்டினால் அது கம்பைல் செய்யாது. முன்செயலி வேலையை முடித்துவிட்டுக் கம்பைலர் கையில் என்ன கொடுக்கப் போகிறதோ, அதை அப்படியே திரையில் கொட்டும். நான் எழுதிய ஒற்றை வரி அங்கே இப்படி இருந்தது: 30 + 5 * 2. பெருக்கல் முதலில், 30 + 10, 40. மேக்ரோவை விரிக்கும்போது முன்செயலிக்கு எண் தெரியாது, கூட்டல் தெரியாது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு சில சொற்களை வைப்பது மட்டுமே அங்கே அதன் வேலை. இரு பக்கமும் ஒரு அடைப்புக்குறி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இன்றுவரை எந்த முன்செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "இது வெளியே தள்ளுவதை எங்கே பார்ப்பது?" என்றுதான். ஒரு முன்செயலி கற்கத் தகுந்ததா என்பதை அதன் அம்சப் பட்டியல் சொல்லாது. அதன் வெளியீடுதான் சொல்லும்.

சி மொழியின் முன்செயலியிலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் அதைத் தவிர்க்க யாராலும் முடியாது. அது பிறந்த கதையை, அந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி 1993இல் எழுதிய சி மொழி வரலாற்றில் சொல்கிறார். 1972, 1973 வாக்கில் ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதாலும், பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் கோப்பைச் சேர்க்கும் வசதி பயன்பட்டதைப் பார்த்ததாலும் அதைச் சேர்த்தார்கள். முதலில் அதற்குத் தெரிந்தவை இரண்டே: இன்னொரு கோப்பை உள்ளே இழுப்பது, ஒரு பெயருக்குப் பதில் வேறு சரத்தை வைப்பது. பிறகு மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அளவுருக்கள் ஏற்கும் மேக்ரோக்களையும், நிபந்தனையைப் பொறுத்து நிரலின் பகுதிகளை விடுவதையும் சேர்த்தார்கள். அது மொழியின் அங்கம் என்றே அப்போது யாரும் நினைக்கவில்லை. விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் ஒட்டுத்துணை. கோப்பின் தொடக்கத்தில் ஒரு அடையாளம் இருந்தால்தான் சில ஆண்டுகள் அது ஓடியதே. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அந்த ஒட்டுத்துணை இல்லாமல் லினக்ஸ் கெர்னலில் ஒரு சி கோப்பைக்கூடக் கம்பைல் செய்ய முடியாது.

எவ்வளவு ஆழமாக அது ஊறிவிட்டது என்பதை அளந்தவர்கள் இருக்கிறார்கள். மைக்கேல் எர்ன்ஸ்ட், கிரெக் பாட்ரோஸ், டேவிட் நோட்கின் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 26 சி மென்பொருள் தொகுப்புகளை, சுமார் 14 லட்சம் வரிகளை, ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 8.4 வரிகள் முன்செயலிக்கான கட்டளைகள். மேக்ரோ பயன்படும் வரிகள் இதற்கு மேல். அப்படியானால் சி நிரலைப் படிக்கிறவர் பன்னிரண்டு வரிக்கு ஒருமுறை சி அல்லாத ஒன்றைப் படிக்கிறார். இதைக் கற்காமல் சி கற்றேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் கற்பது எந்த அளவுக்கு? கோப்பைச் சேர்ப்பது, அதே கோப்பு இரண்டு முறை சேராமல் காப்பது, மேக்ரோவின் அளவுருக்களையும் முழு மதிப்பையும் அடைப்புக்குறிக்குள் வைப்பது, பல வரி மேக்ரோவை ஒருமுறை மட்டும் ஓடும் டூ-வைல் சுற்றுக்குள் பொதிவது, நிபந்தனைக் கம்பைலேஷன், மைனஸ் ஈ. ஒரு வாரம் போதும். மேக்ரோவை வைத்து மேக்ரோ செய்து, அதற்குள் எண்ணிக்கை எண்ணி, பட்டியலைச் சுற்றும் வித்தைகள் உண்டு. பூஸ்ட் நூலகத்தில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு அதில் ஒரு காலம் பெரிய மோகம் இருந்தது. அந்த நாட்களை சி++ டெம்ப்ளேட்டைச் சரியாகப் படிப்பதில் செலவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கற்கும்போதே பயந்து கற்க வேண்டிய பகுதி நிபந்தனைக் கம்பைலேஷன். இந்த இயந்திரமானால் இந்த வரிகள், அந்த இயந்திரமானால் அந்த வரிகள் என்று எழுதுவது முதலில் சுலபமாக இருக்கும். பத்து நிபந்தனை சேர்ந்தால், தாளில் ஒன்றாகத் தெரியும் நிரல் உண்மையில் 1,024 நிரல்கள். இருபது சேர்ந்தால் பத்து லட்சத்துக்கு மேல். லினக்ஸ் கெர்னலில் இப்படித் தேர்வு செய்யக்கூடியவை பத்தாயிரத்துக்கும் அதிகம். அத்தனை சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்க எவராலும் முடியாது. ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் கோலியரும் 1992இலேயே இந்தப் பழக்கம் கேடானது என்று ஒரு கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். வேறுபாடுகளை நிரல் முழுக்கத் தூவாமல் ஒரு சிறு இடைமுகத்துக்குப் பின்னால், தனித்தனிக் கோப்புகளில் ஒதுக்கி வையுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. இன்றும் அதைவிட நல்ல வழி வந்துவிடவில்லை. கோ மொழி முன்செயலியே இல்லாமல் வந்தது. அது லினக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு என்று கோப்பின் பெயரிலேயே வேறுபாட்டைக் காட்டச் சொல்கிறது. ஸ்பென்சர் கேட்டதற்கு மிக அருகில் வருவது அதுதான்.

சி முன்செயலி தவிர்க்க முடியாதது என்பதால் விவாதத்துக்கே இடமில்லை. விவாதம் வருவது மற்றவற்றில். ஒரு மொழியில் இல்லாத வசதியைத் தருகிறேன் என்று சொல்லி மேலே வந்து உட்காரும் முன்செயலிகள் அவை. அவற்றுக்கு ஒரு மூதாதை உண்டு.

1970களில் எந்தக் கணினி மையத்துக்குப் போனாலும் ஃபோர்ட்ரான் கிடைக்கும். ஆனால் அன்றைய ஃபோர்ட்ரானில் ஒரு நிபந்தனை நிறைவேறினால் ஐந்து வரிகளை ஓட்டு, இல்லாவிட்டால் வேறு ஐந்து வரிகளை ஓட்டு என்று நேராகச் சொல்ல வழியில்லை. எண் போட்ட வரிகளுக்குத் தாவ வேண்டும். பிரையன் கெர்னிகன் பெல் லேப்ஸில் ராட்ஃபோர் என்ற முன்செயலியை எழுதினார். சி போன்ற வடிவில் எழுதலாம். அது ஃபோர்ட்ரானாக மாற்றித் தரும். 1976இல் அவரும் பி. ஜே. பிளாஜரும் எழுதிய சாஃப்ட்வேர் டூல்ஸ் நூலின் நிரல்கள் எல்லாம் ராட்ஃபோரில் இருந்தன. யூனிக்ஸ் இல்லாத இடங்களிலும் யூனிக்ஸ் பாணிக் கருவிகளை அந்த நூல் கொண்டு சேர்த்தது.

ராட்ஃபோர் வெளியே தள்ளியதைப் பார்த்தால் அதன் தலையெழுத்து தெரிந்துவிடும். நாம் எழுதிய அழகான சுற்று, அங்கே 23000இல் தொடங்கும் வரி எண்களும் அவற்றுக்கிடையே தாவல்களுமாக விரிந்திருக்கும். மனிதர் கை வைத்துத் திருத்தும் நிரல் அல்ல அது. ஃபோர்ட்ரான் 77 வந்து, நிபந்தனைத் தொகுதியை மொழியிலேயே சேர்த்தது. ஃபோர்ட்ரான் 90 மிச்சத்தையும் சேர்த்தது. ராட்ஃபோர் நிரப்பிக்கொண்டிருந்த பள்ளத்தை மொழியே நிரப்பிவிட்டது. 1981இல் கெர்னிகனும் பிளாஜரும் அதே நூலைப் பாஸ்கலுக்கு மாற்றி வெளியிட்டார்கள். உருவாக்கியவரே அந்த வண்டியிலிருந்து இறங்கினார். ஏற்றிவந்த சரக்கு மட்டும் பத்திரமாக அடுத்த வண்டிக்கு மாறியது.

அப்படியானால் 1977இல் ஒரு ஃபோர்ட்ரான் நிரலாளர் ராட்ஃபோர் கற்றது வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். தாவல்களில்லாமல் யோசிக்க அது அவரைப் பழக்கியது. அந்தப் பழக்கம் ஃபோர்ட்ரான் 77க்கும் சி மொழிக்கும் அப்படியே கூட வந்தது. அவர் ராட்ஃபோரில் எழுதிக் குவித்த நிரல்தான் சிக்கல். அதை வைத்திருந்த இடங்கள் பின்னால் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது: ராட்ஃபோரை என்றென்றும் பராமரிப்பது, அல்லது 23000 எண்களோடு வாழ்வது.

அதே நாடகம் முப்பது ஆண்டு கழித்து வேறு மேடையில் நடந்தது. 2009இல் ஜெரெமி அஷ்கெனாஸ் காஃபிஸ்கிரிப்டை வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டின் நெளிவுகளை மறைத்து, ரூபியும் பைத்தானும் பழகியவர்களுக்கு இனிமையாக இருக்கும் எழுத்துமுறை. 2011இல் ரூபி ஆன் ரெயில்ஸ் 3.1 அதைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. சாஸும் கூடவே வந்தது. அம்புக் குறிச் செயல்கூறுகள், கிளாஸ், சரத்துக்குள் மாறியைப் பொதிவது, பட்டியலைப் பிரித்து மாறிகளில் இடுவது என்று அது காட்டிய வசதிகளுக்கு 2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை மொழியிலேயே இடம் கொடுத்தது. பள்ளம் மூடியது, ஆட்கள் நகர்ந்தார்கள்.

ராட்ஃபோரோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வேறுபாடு. காஃபிஸ்கிரிப்ட் வெளியே தள்ளிய ஜாவாஸ்கிரிப்டை ஒரு மனிதர் படிக்க முடிந்தது. மாறிப் பெயர்கள் அப்படியே இருந்தன, செயல்கூறுகளின் வரிசை குலையவில்லை. அதனால் வெளியேறும் கதவு இருந்தது. டிராப்பாக்ஸ் 2012இல் காஃபிஸ்கிரிப்டுக்குப் போய், 2017இல் பெருமளவு நிரலைத் தானியங்கிக் கருவிகள் கொண்டு, ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்புகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றியது. நோகாமல் நடக்கவில்லை, ஆனால் நடந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மொழியின் குறையை நிரப்பும் முன்செயலி வெற்றி பெற்றால், அந்த வெற்றியே அதை வீட்டுக்கு அனுப்பும். மொழியை நடத்துபவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லோரும் விரும்பும் வசதி என்று தெரிந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "இது பத்து வருஷம் இருக்குமா?" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. இல்லாமல் போகும்போது என் நிரலுக்கு என்ன ஆகும் என்பதைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு இடைக்கேள்வி. டைப்ஸ்கிரிப்டை முன்செயலி என்று சொல்லலாமா? முன்செயலிக்கும் கம்பைலருக்கும் இடையிலான கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்குத் திருப்தி தந்த பதில், சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பிடமிருந்து வருகிறது. 1979இல் அவர் சி மொழிக்குக் கிளாஸ் சேர்த்தபோது அதைச் செய்தது சிப்ரி என்ற முன்செயலி. பிறகு 1983 வாக்கில் சிஃப்ரண்ட் எழுதினார். அதுவும் சி நிரலைத்தான் வெளியே தள்ளியது. ஆனால் அதை முன்செயலி என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சிஃப்ரண்ட் நிரலை முழுதாகப் பகுத்து, வகைகளைச் சரிபார்த்து, தவறைத் தானே சொல்லும். கீழே உள்ள சி கம்பைலர் ஒரு பிழைச் செய்தி கொடுத்தால் அந்தப் பிழை சிஃப்ரண்டினுடையதாகவோ சி கம்பைலரினுடையதாகவோ இருக்க வேண்டும், நிரலாளருடையதாக இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல்.

பயன்படுத்துபவர் பக்கம் நின்று பார்த்தால் இது எவ்வளவு நல்ல அளவுகோல் என்பது புரியும். பிழைச் செய்தி நான் எழுதிய வரியைச் சுட்டுகிறதா, நான் எழுதாத வரியைச் சுட்டுகிறதா? ஆர்டுவினோவில் முதன்முதலாக விளக்கு எரிய வைக்கும் மாணவர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். அவர்கள் எழுதும் கோப்பின் தலையில் ஆர்டுவினோ ஒரு ஹெடரைச் சேர்த்து, செயல்கூறுகளின் அறிவிப்புகளைத் தானே எழுதி, சி++ கோப்பாக்கிக் கம்பைலரிடம் தருகிறது. பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. என்றோ ஒருநாள் அந்தத் தானியங்கி அறிவிப்பு தவறும்போது, தான் எழுதவே இல்லாத வரிக்கான பிழையை வைத்துக்கொண்டு பிள்ளை திகைத்து நிற்கும். இடையில் ஒருவர் கைவைத்திருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் அளவுகோல்படி டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர்தான். ஆனால் அது நீடிப்பதற்கு என் கணிப்பில் காரணம் அதன் வெளியீடு. ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் தலைமையில் மைக்ரோசாஃப்ட் 2012இல் அதை வெளியிட்டபோதே, வகைக் குறிப்புகளை அழித்தால் மிஞ்சுவது ஜாவாஸ்கிரிப்ட் என்கிற வடிவத்தில்தான் பெரும்பகுதி இருந்தது. இதன் உச்சம் இப்போது வந்திருக்கிறது: பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், தன் புதிய பதிப்புகளில் வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டு டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ஓட்டுகிறது. அப்படி அழித்தால் போதாத எனம் போன்ற சில அம்சங்கள் மட்டும் அதில் ஓடாது. 2025இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.8, அழிக்கக்கூடியதை மட்டும் எழுத அனுமதி என்று ஒரு சுவிட்சே கொடுத்துவிட்டது. கருவி தன்னைத்தானே மெலிதாக்கிக்கொள்கிறது. கற்கத் தயங்கும் எவருக்கும் இதைவிட நல்ல உறுதிமொழி இருக்க முடியாது.

முன்செயலியின் எல்லையைத் தமிழை வைத்துப் பார்த்த ஒரு அனுபவமும் சொல்ல வேண்டும். யூனிக்ஸின் ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்ன், அல்கால் மொழிப் பிரியர். சி முன்செயலியில் மேக்ரோக்கள் வைத்து, தன் சி நிரலையே அல்கால் போலத் தோன்றச் செய்தார். அதைப் படித்துத் தடுமாறியது 1984இல் குழப்பமான சி நிரல்களுக்கான சர்வதேசப் போட்டி தொடங்கத் தூண்டுதல்களில் ஒன்றாயிற்று. அதே ஆசை எனக்கும் வந்தது, தமிழ் மேல். ஜிசிசியின் 10ஆம் பதிப்பு 2020இல் வந்தபோது, பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத வழி பிறந்தது. சி மொழியின் சிறப்புச் சொற்களுக்கெல்லாம் தமிழ் மேக்ரோ போட்டு ஒரு கோப்பு தயாரித்தேன். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது, கம்பைலும் ஆயிற்று. படித்துப் பார்த்தேன். "ஆனால் (மதிப்பெண் > 35)" என்று இருந்தது. தமிழ் அப்படிப் பேசாது. மதிப்பெண் 35க்கு மேல் ஆனால் என்றுதான் சொல்வோம். நிபந்தனை முன்னால், "ஆனால்" பின்னால். முன்செயலி சொல்லுக்குச் சொல் மாற்றும், சொற்றொடரின் அடுக்கை மாற்றாது.

எழில் என்ற தமிழ் நிரல்மொழி அந்த அடுக்கைச் சரியாகப் பிடித்தது. அதில் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, பிறகு "ஆனால்" வரும். சுற்றுக்கு "வரை" பின்னால் வரும். அது முடிந்ததற்குக் காரணம், அதற்கென்று பைத்தானில் தனியாகப் பகுப்பியும் மொழிமாற்றியும் எழுதப்பட்டதுதான். மேலோட்டமாகச் சொல்லை மாற்றி ஒரு மொழியின் இயல்பைக் கொண்டுவர முடியாது என்பதை எனக்கு எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. எந்த முன்செயலியைப் பார்த்தாலும் இப்போது கேட்டுக்கொள்கிறேன்: இது எழுத்தைப் பார்க்கிறதா, இலக்கணத்தைப் பார்க்கிறதா? எழுத்தை மட்டும் பார்ப்பது என்றால் அதை அளவோடு பயன்படுத்த வேண்டும்.

எழுத்தை மட்டும் பார்ப்பதில் தலைசிறந்தது எம்4. கெர்னிகனும் ரிச்சியும் 1977இல் எழுதியது. சென்ட்மெயில் அமைப்புக் கோப்புகள் அதில் எழுதப்பட்டன. ஆட்டோகான்ஃப் அதன் மேல்தான் நிற்கிறது. லினக்ஸில் மூல நிரலை இறக்கி கான்ஃபிகர் ஓட்டியவர்கள் பெரும்பாலும் எம்4 வெளியே தள்ளியதை ஓட்டியவர்களே, பல ஆயிரம் வரி ஷெல் நிரல் அது. அதைத் திறந்து படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். எம்4 கற்பது தகுமா என்று 2023இல் கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

2024 மார்ச் 29 அன்று அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு இருப்பதை வெளியிட்டார். அந்தக் கள்ளக்கதவின் முதல் கண்ணி எங்கே ஒளிந்திருந்தது? ஒரு எம்4 கோப்பில். எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. தொகுப்பில் இப்படி உருவாக்கப்பட்ட கோப்புகள் வேறுபடுவது வழக்கம்தான் என்பதாலும், எம்4 வரியைப் படித்துப் பொருள் சொல்லும் பழக்கம் அநேகமாக யாருக்கும் இல்லை என்பதாலும் அது கண்ணில் படவில்லை. எல்லோரும் பயன்படுத்தி யாரும் படிக்காத முன்செயலி ஒரு இருட்டறை. இப்போதும் எல்லோரும் எம்4 கற்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மென்பொருளைக் கட்டித் தொகுத்து வெளியிடும் பொறுப்பில் இருப்பவர், அதன் வழியில் நிற்கும் ஒவ்வொரு முன்செயலியையும் படிக்கும் அளவுக்காவது கற்றே ஆக வேண்டும். எழுதத் தெரிய வேண்டாம். படிக்கத் தெரிய வேண்டும்.

வேலைச் சந்தையின் கணக்கு வேறு. மெயின்ஃப்ரேமில் கோபால் மொழி நிரலுக்குள் எழுதும் சிஐசிஎஸ் கட்டளைகளை அதன் மொழிபெயர்ப்பி கருத்துரை வரிகளாக மாற்றிவிட்டு, கீழே அழைப்பு வரிகளை எழுதும். பின்னால் அந்த வேலையைக் கோபால் கம்பைலரே உள்ளே எடுத்துக்கொண்டது. ஆரக்கிளின் ப்ரோசி, சி நிரலுக்குள் எஸ்க்யூஎல் எழுத விடும். இவற்றைத் தானாகத் தேடிப்போய்க் கற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ வைத்திருக்கும் பழைய நிரலைப் பார்க்கும் குழுவில் போட்டால் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். அங்கே அதை மாற்ற யாரும் அவசரப்படப் போவதில்லை, தெரிந்தவர்களும் குறைவு.

இனி சாஸ். 2006இல் ஹாம்டன் காட்லின் வடிவமைக்க, நடாலி வைசன்பாம் உருவாக்கினார். அன்றைய சிஎஸ்எஸ்ஸில் மாறி இல்லை, ஒன்றுக்குள் ஒன்றை அடுக்க முடியாது, ஒரே நிறக் குறியீட்டை நூறு இடத்தில் எழுத வேண்டும். சாஸ் இதையெல்லாம் தீர்த்தது. பிறகு மொழி எழுந்து வந்தது. மாறிகள் 2016 முதல் பிரவுசர்களில் பரவின. அடுக்குமுறை 2023இல் குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் வந்துவிட்டது. ராட்ஃபோரும் காஃபிஸ்கிரிப்டும் போன பாதைதான். சாஸும் சும்மா இருக்கவில்லை: 2019இல் கோப்புகளைச் சேர்க்கப் புது முறை கொண்டுவந்தது, 2024இல் பழைய முறையைக் கைவிடப்போவதாக எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. ரூபியில் எழுதிய மூலக் கருவிக்கு 2019இல் விடை கொடுத்தார்கள். சி++இல் எழுதிய லிப்சாஸை 2020இல் கைவிட்டார்கள். இப்போது டார்ட் மொழியில் எழுதியதே முதன்மை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லவில்லை. எங்கள் ப்ராஜெக்டின் ஒரு சாஸ் கோப்பை எடுத்து, கம்பைல் செய்து, இடப்பக்கம் மூலத்தையும் வலப்பக்கம் வெளியே வந்த சிஎஸ்எஸ்ஸையும் திறந்து வைத்தோம். நிறங்களுக்கான சாஸ் மாறிகள் வலப்பக்கம் காணாமல் போயிருந்தன. வெறும் நிறக் குறியீடுகளாக நூறு இடத்தில் உறைந்திருந்தன. "பயனர் இருட்டு நிறத்துக்கு மாத்தினா இது எப்படி மாறும்?" என்று அவரே கேட்டார். மாறாது. சிஎஸ்எஸ் மாறியானால் பிரவுசருக்குள் உயிரோடு இருக்கும், மாறும். ஆகவே நிறங்களுக்குச் சாஸ் தேவையில்லை. அடுத்தது அடுக்குமுறை. பெரும்பாலானவை சிஎஸ்எஸ் அடுக்குக்கே போய்விடும், ஓரிடம் தவிர: தாய்ப் பெயரின் வாலில் ஒரு ஒட்டைச் சேர்த்துப் புதுப் பெயர் செய்யும் சாஸ் வித்தை. சாஸ் அங்கே எழுத்தோடு எழுத்தை ஒட்டுகிறது. தாய்ப் பெயருக்குப் பதிலாக எழுதும் உம்மைக் குறியை (&) பிரவுசர் ஒரு முழுத் தேர்வாகப் பார்க்கிறது, ஒட்டாது. கடைசியாக, பன்னிரண்டு பத்திகளுக்கான கிளாஸ்களை ஒரு சுற்றில் உருவாக்கும் எட்டு வரி. அதற்குச் சிஎஸ்எஸ்ஸில் இன்று ஈடு இல்லை.

சுற்று, பெயர் வைத்துப் பல இடங்களில் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டைல் தொகுதியான மிக்ஸின், கோப்பைச் சேர்க்கும் புது முறை, இவ்வளவை மட்டும் கற்றுக்கொள், மீதி நேரத்தைச் சிஎஸ்எஸ்ஸுக்குக் கொடு என்றேன். இரண்டு மதியம் போதும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினாலும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வலப்பக்கக் கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, ஏழு பெயர்கள் வரிசையாக நீண்டு, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போன ஒரு தேர்வின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணா, இந்தப் பட்டனோட நிறத்தை மாத்த முடியாம போன வாரம் ரெண்டு நாள் அலைஞ்சேனே, அது இதனாலதானா?"